இரண்டு புதிய ஆணிகள்

எங்கள் மூத்தாப்பாவின் காருக்கு இப்போது எஞ்சின் இல்லை. சக்கரங்கள் இல்லை. கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. பாப்பாமோட்டையில், மன்னார் - பூநகரி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், பக்கத்து வளவின் கிடுகுக் கொட்டிலுக்குள் நான்கு கற்களின் மேல் அதன் உடல் மட்டும் நிற்கிறது. அந்த உடலில் உள்ளங்கையளவுகூட இல்லாத ஒரு தகடு இருக்கிறது. சென்ற வருடம் எங்கள் குடும்பத்தைப் பல நாட்கள் தூங்கவிடாமல் செய்தது அந்தத் தகடுதான்.

அது ஒரு மொரிஸ் மைனர். இலங்கையில் வயதானவர்கள் யாரிடமாவது இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வந்தது. ஒக்ஸ்போர்ட் நகரின் அருகே கௌலி என்ற இடத்தில் இருந்த தொழிற்சாலையில் இது உருவானது. 10 இலட்சம் என்ற எண்ணைத் தொட்ட முதல் பிரித்தானியக் காரும் இதுதான். உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்றபோது மொத்தம் 16 இலட்சத்துக்கும் மேல் செய்து முடித்திருந்தார்கள். அவற்றுள் ஒன்று 1960இல் கொழும்பில் பதிவாகி, கை மாறி, எழுபதுகளில் எங்கள் மூத்தாப்பாவிடம் வந்து சேர்ந்தது.

மூத்தாப்பா அதை ஹயருக்கு ஓட்டினார். விடத்தல்தீவிலிருந்து கருவாட்டு வியாபாரிகள், அடம்பனிலிருந்து நெல் விற்க வந்தவர்கள், இரவில் பிரசவ வலி கண்ட பெண்கள் என்று எல்லோரும் அதில் ஏறியிருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, 70,000த்துக்கும் மேற்பட்டோர் கையில் எடுத்ததோடு புறப்பட்டார்கள். எங்கள் குடும்பமும் அவர்களில் ஒன்று. கடல்வழியாகக் கற்பிட்டிக்குப் போகும் படகில் காரை ஏற்ற முடியாது. மூத்தாப்பா பக்கத்து வளவுச் சம்மாட்டி ஐயாவிடம் திறப்பைக் கொடுத்தார். சம்மாட்டி ஐயா கத்தோலிக்கர். இரண்டு படகு வைத்துத் தொழில் செய்தவர். "நிக்க விடாதீங்க, ஓட்டுங்க. நின்டா செத்துப்போகும்" என்று மூத்தாப்பா சொன்னாராம். காரின் பதிவுப் புத்தகத்தை மட்டும் வாப்பும்மா காணி உறுதியோடு சேர்த்துத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். மூத்தாப்பா புத்தளத்தில் அகதி முகாமில் இருந்தபோதே வஃபாத்தாகிவிட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை.

யுத்தம் முடிந்த பிறகு வாப்பா எங்கள் காணியைத் துப்புரவாக்கி வீடு கட்டத் தொடங்கினார். அப்போது சம்மாட்டி ஐயா அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கொட்டிலைக் காட்டினாராம். அவர்களும் 2008இல் ஊரை விட்டு வன்னிப் பக்கம் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பிறகுதான் திரும்பியிருந்தார்கள். "தம்பி, உங்கட கொப்பா தந்ததில இவ்வளவுதான் மிச்சம்" என்று சொல்லிவிட்டு அழுதாராம். வாப்பா அதை அங்கேயே நிற்க விட்டார். எங்களுக்கு அன்று கூரைக்கே காசில்லை. காரைப் பற்றி யார் யோசிப்பது?

அது இவ்வளவு காலமும் நின்றிருக்கும். ஆனால் சென்ற வருடம் ஒரு தரகர் வந்தார். பழைய கார்களுக்கு இப்போது கொழும்பில் நல்ல மதிப்பு. புதிய வாகனம் வாங்குவது கடினமாகிவிட்ட பிறகு பழையதைப் புதுப்பித்து ஓட்டுவதில் பலருக்கு ஆசை. தரகர் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார். எங்கள் வீட்டில் யாரும் எதிர்பாராத தொகை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "உடம்பு தேவையில்ல. புத்தகமும் தகடும் தந்தால் போதும்."

எனக்கு அது விளங்கவில்லை. வாப்பா விளக்கினார். பதிவில்லாத ஒரு மைனரோ, பல கார்களின் துண்டுகளைப் பொருத்திச் செய்த ஒன்றோ யாரிடமாவது இருக்கும். எங்கள் தகட்டைக் கழற்றி அதில் அடித்துவிட்டால், எங்கள் புத்தகம் அதற்குப் பொருந்திவிடும். இல்லாத காருக்குப் பிறப்பும் வரலாறும் வந்துவிடும். இது சட்டப்படி குற்றம். ஆனால் நடக்கிறது. வாப்பா தரகரை அனுப்பிவிட்டார்.

தரகர் அத்தோடு விடவில்லை. புத்தளத்தில் இருக்கும் பெரியவாப்பாவைத் தேடிப் போயிருக்கிறார். அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்து பெரியவாப்பா பாப்பாமோட்டைக்கு வந்து இறங்கினார். 1990இல் அவருக்கு இருபத்து நான்கு வயது. அந்தக் காரில்தான் ஓட்டப் பழகியவர். கொட்டிலுக்குள் போய் டோர்ச் அடித்துத் தகட்டைப் பார்த்தார். புத்தகத்தில் உள்ள இலக்கமும் தகட்டில் உள்ள இலக்கமும் ஒன்றுதான். ஆனால் அவர் முகம் மாறிவிட்டது.

"தகடு வாப்பாடதான். கார் வாப்பாட இல்ல" என்றார். "ஆணியப் பாருங்க. அறுபது வருஷத்துத் தகட்டில புது ஆணி எப்படி வரும்? எங்கட கார வித்துப்போட்டு, வேறயொரு ஓட்ட உடம்பில தகட்ட அடிச்சு நிறுத்தியிருக்காங்க."

அவர் சொன்னது உண்மைதான். தகட்டின் இரு முனைகளிலும் இருந்தவை கறள் பிடிக்காத, பளபளப்பான, இப்போது கடையில் வாங்கக்கூடிய ஸ்க்ரூ ஆணிகள்.

காருக்கு என்ன விலை என்பது அன்றோடு எங்களுக்கு முக்கியமில்லாமல் போனது. பெரியவாப்பா சொன்னதன் அர்த்தம், சம்மாட்டி ஐயா அமானிதத்தை விற்றுவிட்டார் என்பது. எண்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் மேல் விழும் பழி அது. எங்கள் வீட்டுக் கிணறு வற்றினால் நாங்கள் தண்ணீர் அள்ளுவது அவர்கள் வளவில். அவர்கள் வீட்டில் நத்தார் வந்தால் கேக்கும், எங்கள் வீட்டில் பெருநாள் வந்தால் வட்டிலப்பமும் வேலிக்கு மேலாகப் போய்வரும். அந்த வேலியில் ஒரு சந்தேகம் விழுந்தால் அது எத்தனை வருடம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடமாகச் சந்தேகத்தின் விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கும் மாவட்டம் எங்களுடையது.

நான் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறேன். ஒரு பொருள் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது, அது சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது எங்கள் பாடத்திலேயே வருகிறது. "ஒரு கிழமை தாங்க பெரியவாப்பா, பார்த்துச் சொல்றேன்" என்றேன். அவர் சிரித்தார். வேண்டாமென்று சொல்லவில்லை.

முதலில் தகட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மொரிஸ் மைனருக்குத் தனியாகச் செசி என்று ஒன்று கிடையாது. உடலே சட்டகம். ஆகவே நாம் 'செசி நம்பர்' என்று சொல்வதைத் தொழிற்சாலை 'கார் நம்பர்' என்றுதான் சொன்னது. அது பொனட்டைத் திறந்தால் தெரியும் தகட்டுச் சுவரில், அதாவது எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள சுவரில் இருக்கும். 1958 அளவு வரை வந்த கார்களில் இலக்கத்துக்கு முன்னால் மூன்று எழுத்துகள் வரும். முதல் எழுத்து எஃப் என்றால் மைனர். இரண்டாம் எழுத்து உடலின் வகை. மூன்றாம் எழுத்து நிறம். அதன் பிறகு முறை மாறியது. எங்கள் தகட்டில் எம், ஏ, எஸ், 3 என்று இருக்கிறது. எம் என்றால் மொரிஸ். ஏ என்றால் ஏ வரிசை எஞ்சின். எஸ் என்றால் நான்கு கதவு சலூன். இரண்டு கதவாக இருந்தால் எஸ்ஸுக்கு முன்னால் 2 என்று வந்திருக்கும். 3 என்பது 948 சி.சி. எஞ்சின் போட்ட காலம். 1962இல் 1098 சி.சி. எஞ்சின் வந்தபோது அந்த 3, 5 ஆகிவிட்டது.

இனி உடலைப் பார்த்தேன். கதவுகள் நான்கு. முன் கண்ணாடி இருந்த சட்டம் ஒற்றைச் சட்டம். 1956க்கு முந்திய மைனர்களில் நடுவில் ஒரு கம்பி பிரிக்கும். இரு கதவுகளுக்கும் நடுவிலுள்ள தூணில் நீளமாக ஒரு பொந்து இருக்கிறது. திரும்பும்போது சிறு கைபோல வெளியே நீளும் சைகை விளக்கு இருந்த இடம் அது. 1961இன் பிற்பகுதியில் மைனரில் அது நின்று, மின்னும் விளக்கு வந்துவிட்டது. ஆகவே இந்த உடல் 1956க்கும் 1961க்கும் இடையில் செய்யப்பட்ட நான்கு கதவு மைனர். தகடு சொல்வதும் அதையே. 1960 என்று புத்தகம் சொல்வதும் அதற்குள்ளேயே அடங்குகிறது. பின்பக்கம் தொங்கும் வளைந்த இலக்கத் தகட்டில் 'ஸ்ரீ' எழுத்து இருக்கிறது. 1957இல் அந்தச் சிங்கள எழுத்து வாகனங்களில் வந்தபோது வடக்கில் அதைத் தார் பூசி எதிர்த்தார்கள் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு காரின் அடையாளத்தில் ஒரு எழுத்துக்கூட எத்தனை பேருடைய அடையாளத்தைத் தொடும் என்பதற்கு அது சாட்சி. எனக்கு அன்று அது ஒரு திகதிச் சாட்சியும்கூட.

இவ்வளவும் பொருந்தின. ஆனால் இவை எல்லாம் சேர்ந்து ஒரு விஷயத்தைத்தான் சொல்லும்: தகடும் உடலும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அதே காலத்தில் வந்த வேறொரு நான்கு கதவு மைனரின் உடலும் இதே பதில்களைச் சொல்லும். 'பொய்யென்று தெரியவில்லை' என்பதும் 'உண்மையென்று தெரிகிறது' என்பதும் ஒன்றல்ல. பெரியவாப்பாவின் கேள்விக்கு எனக்கு இரண்டாவது தேவைப்பட்டது.

எஞ்சின் இருந்திருந்தால் அது பெரிய சாட்சி. மைனரின் எஞ்சினில் ஒரு சிறு தகட்டில் அதற்கென்று தனி இலக்கம் இருக்கும். எங்கள் புத்தகத்திலும் 9 எம் என்று தொடங்கும் இலக்கம் எழுதியிருக்கிறது. 9 என்றால் எஞ்சினின் அளவைக் குறிக்கும். எம் என்றால் மைனர். ஆனால் ஊர் வெறிச்சோடிக் கிடந்த காலத்தில் யாரோ எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இங்கிலாந்தில் கேடன் என்ற இடத்தில் பிரித்தானிய மோட்டார் நூதனசாலை இருக்கிறது. பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் அங்கே உள்ளன. கார் இலக்கத்தைக் கொடுத்துப் பணம் கட்டினால் அது எப்போது செய்யப்பட்டது, எந்த நிறம், எந்த எஞ்சின், எங்கே அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருவார்கள். உலகம் முழுவதும் பழைய கார் வாங்குபவர்கள் அதை நாடுகிறார்கள். ஆனால் அந்தச் சான்றிதழும் இலக்கத்தைப் பற்றித்தான் பேசும். அந்த இலக்கத் தகடு பாப்பாமோட்டைக் கொட்டிலில் எந்த உடலில் அடிக்கப்பட்டிருக்கிறது என்று கேடனில் யாருக்குத் தெரியும்?

ஆகவே ஆணிக்கே திரும்ப வேண்டியிருந்தது. ஆணியைப் பற்றிக் கேட்கக்கூடியவர் ஒருவர்தான். நானும் வாப்பாவும் சம்மாட்டி ஐயா வீட்டுக்குப் போனோம். பெரியவாப்பாவின் சந்தேகத்தை எப்படிச் சொல்வதென்று வாப்பா தடுமாறினார். ஐயாவே தொடங்கினார்.

"ஆணி புதுசுதான் தம்பி. நான்தான் அடிச்சனான்."

அவர் சொன்னது இது. மூத்தாப்பா போன பிறகு, சொன்னபடி அவர் காரை நிற்க விடாமல் ஓட்டியிருக்கிறார். தொண்ணூறுகளில் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தது. வடக்கில் மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடியது அப்போதுதான். சில துளி பெற்றோலைக் காபரேட்டரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் கறுப்புப் புகை வரும். ஆனால் கார் போகும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிடம் அவர் காசு வாங்கவில்லை. "உங்கட கொப்பாட கார். அதில நான் உழைக்கலாமே?" என்றார். 2008இல் ஷெல் விழத் தொடங்கியபோது காரை எடுத்துப் போக முடியவில்லை. டயர் இல்லை, எண்ணெய் இல்லை. புறப்படும் அன்று காலை ஒரு உளியை எடுத்து, பழைய ஆணிகளை வெட்டித் தகட்டைக் கழற்றினாராம். அதைத் தன் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரங்களோடும் தன் அடையாள அட்டையோடும் ஒரே பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டாராம்.

"காரை யாரும் கொண்டுபோனாலும் தகடு என்னட்ட இருந்தா, ஒருநாள் அவையள் வந்து கேக்கேக்க 'இந்தா, உங்கட காருக்கு இதுதான் பேர்' எண்டு குடுக்கலாம் எண்டு நினைச்சன். திரும்பி வந்து பார்த்தா உடம்பு நிக்குது. கடையில ரெண்டு ஆணி வாங்கி அடிச்சன்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகை ஆதாரமல்ல. வீட்டுக்கு வரும் வழியில் நான் நினைத்ததெல்லாம் இஸ்லாம் பாடத்தில் படித்த ஹதீஸ் கலையைத்தான். ஒரு செய்தி நம் கைக்கு வந்தால் அறிஞர்கள் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். செய்தி என்ன சொல்கிறது என்பது ஒன்று, அதுதான் மத்ன். யாரிடமிருந்து யார் கேட்டார், இடையில் ஒரு கண்ணி அறுந்திருக்கிறதா என்பது மற்றொன்று; அது இஸ்னாத். அறிவிப்பாளர் நல்லவர் என்று பெயர் வாங்கியிருந்தாலும் அவருடைய நினைவாற்றலையும் சோதித்தார்கள். நல்லவரைச் சோதிப்பது அவரை அவமதிப்பதாகாது. அவர் சொன்னது நாளை வேறொருவரால் மறுக்கப்படாமல் இருக்க அதுவே காவல். சம்மாட்டி ஐயாவின் கதையை நான் நம்பினேன். பெரியவாப்பாவும் நம்ப வேண்டுமென்றால் கதையை அந்த உடலே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாப்பும்மாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். புத்தகத்தில் சாம்பல் நிறம் என்றிருக்கிறது, கொட்டிலில் நிற்பது பச்சை, எப்போது மாறியது? வாப்பும்மா யோசிக்கவே இல்லை. "பெரிய மாமிட கலியாணத்துக்கு அடிச்சது. மன்னார் கராஜ்ல. பச்ச ஒழுகி இருந்ததென்டு மூத்தாப்பா பாஸோட சண்ட."

ஒழுகியிருந்தது! அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் என்ன தேட வேண்டுமென்று தெரிந்துவிட்டது. அடுத்த நாள் பெரியவாப்பாவை அழைத்தோம். சம்மாட்டி ஐயாவும் வந்து கதிரை போட்டு இருந்தார். தகட்டை எல்லாப் பக்கத்தாலும் ஃபோனில் படம் எடுத்த பிறகு, வாப்பா அந்த இரண்டு புதிய ஆணிகளையும் கழற்றினார்.

தகட்டுக்குக் கீழே சுவர் சாம்பல் நிறமாக இருந்தது. நீள்சதுரமாக, தகட்டின் அளவுக்குச் சரியாக ஒரு துண்டுச் சாம்பல். அதைச் சுற்றிப் பச்சை. மன்னார் பாஸ் தகட்டைக் கழற்றாமலேயே பச்சை அடித்திருக்கிறார். நிறம் தகட்டின் விளிம்பில் முட்டி, காய்ந்து, சிறு வரம்புபோல நின்றது. தகட்டைத் திருப்பிப் பார்த்தோம். அதன் இடது ஓரத்தில் அதே பச்சையின் மெல்லிய கோடு. பெரியவாப்பா அப்போதும் தலையாட்டவில்லை. "பச்ச கார் எத்தனையோ இருக்கும்" என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி.

பிறகுதான் கீழ் மூலையைக் காட்டினேன். தகட்டின் கீழ் விளிம்பில் பச்சை ஒழுகிய ஒரு சொட்டின் மேல் பாதி இருந்தது. நடுவில் வெட்டினாற்போல நின்றிருந்தது. சுவரில், தகடு முடியும் இடத்துக்குக் கீழே, அதே சொட்டின் கீழ்ப் பாதி, கண்ணீர்த் துளிபோல, வழிந்து காய்ந்திருந்தது. வாப்பா தகட்டை அதன் பழைய துளைகளின் மேல் வைத்துப் பிடித்தார். இரண்டு பாதிகளும் சேர்ந்தன. கிழித்த கடிதத்தின் இரண்டு துண்டுகள் சேர்வதுபோல, ஒரு மயிரிழை விலகாமல் சேர்ந்தன. துளையின் ஓரத்தில் உளி பட்ட தழும்பும் இருந்தது. சாம்பல் நிறத்தைக் கீறி, கறள் படிந்த தழும்பு.

பெயின்ட் ஈரமாக இருந்த அன்று இந்தத் தகடு இந்தச் சுவரில் இருந்தது. வேறு எந்தத் தகட்டுக்கும் வேறு எந்தச் சுவருக்கும் அந்தச் சொட்டு பொருந்தாது. பெரியவாப்பா நெடுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சம்மாட்டி ஐயாவின் கதிரைக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். இருவரும் பேசவில்லை. ஐயாதான் கடைசியில், "உம்மட கொப்பா ஒரு டிரிப்புக்கும் லேட்டா வந்ததில்லை" என்றார். அதற்குப் பிறகு இருவரும் மஃரிபு வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கேள்வியை எங்களுக்கு முன்பே பெரிய இடங்களிலும் கேட்டிருக்கிறார்கள். 1929, 1930 ஆகிய இரண்டு வருடங்களும் பிரான்ஸின் லு மான் 24 மணிநேரப் போட்டியில் வென்ற ஒரு பென்ட்லி கார் இருந்தது. 'பழைய நம்பர் வன்' என்று அதற்குப் பெயர். 1990இல் அதன் சொந்தக்காரர் ஏறத்தாழ ஒரு கோடி பவுணுக்கு அதை விற்க உடன்பட்டார். வாங்க இருந்த நிறுவனம் பின்வாங்கியது. போட்டியில் ஓடிய காரின் பாகங்கள் இதில் மிகச் சிலவே, ஆகவே இது அந்தக் காரே அல்ல என்றது. வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1990 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்தபடி இது இல்லை என்பதை நீதிபதி ஒட்டன் ஏற்றுக்கொண்டார். ஆனால் இந்தக் கார் ஒருநாளும் இல்லாமல் போகவில்லை. ஒரு பாகம் போய் இன்னொன்று வந்தபோதும் அதன் வரலாறு அறுபடாமல் தொடர்ந்தது. ஆகவே இது அதே கார்தான் என்று முடிவு செய்தார். விற்பனை செல்லும் என்றார்.

நான் இதைப் படித்தபோது ஆண்டைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். லண்டனில் ஒரு காருக்கு 'நீ மாறினாலும் நீயே' என்று தீர்ப்பு வந்து மூன்று மாதத்தில்தான் எங்கள் குடும்பம் படகேறியது. புத்தளத்தில் பிறந்த என்னைப் போன்ற பிள்ளைகளிடம் மன்னாரில், "நீங்கள் இந்த ஊரா?" என்று கேட்பவர்கள் உண்டு. புத்தளத்திலும் அதே கேள்வியைக் கேட்டார்கள். எங்கள் பேச்சில் சில சொற்கள் மாறிவிட்டன. வீடு புதியது, கிணறு புதியது, வேலி புதியது. ஆனால் வாப்பும்மா இடுப்பில் கட்டிக் கொண்டுபோன உறுதியும் சம்மாட்டி ஐயா பொலித்தீன் பையில் கொண்டுபோன தகடும் ஒரே காணியின் இரண்டு பாதிகள். யாரோ ஒருவர் எப்போதும் பிடித்துக்கொண்டே இருந்தார். அதனால் அது அறுபடவில்லை.

ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது என்பதே மோசடிக்கு அடையாளம் அல்ல என்பதையும் இதிலிருந்து கற்றேன். தொண்ணூறுகளில் இலங்கையில் 'டியூரபிள் கார் கம்பனி' என்ற நிறுவனம் மைனருக்குத் தேவையான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியது. பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ல்ஸ் வேர் என்பவர் அதில் பங்காளி. ஒக்ஸ்போர்டில் பிறந்த கார்கள் இலங்கைக் கைகள் செய்த பாகங்களோடு இங்கிலாந்து வீதிகளில் ஓடின. அவை பொய்க் கார்களாகிவிடவில்லை. என்ன மாற்றினோம், எப்போது மாற்றினோம், யார் மாற்றினார் என்று சொல்லிவிட்டால் மாற்றம் வரலாறாகிறது. மறைத்தால்தான் மோசடியாகிறது. தரகர் எங்களிடம் கேட்டது அந்த மறைப்பைத்தான். சம்மாட்டி ஐயாவிடம் நாங்கள் கண்டது அதன் மறுபக்கம். அந்தப் புதிய ஆணிகளை அவர் கறள் பூசிப் பழையதாக்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

பதிவுப் புத்தகத்துக்குள் இப்போது ஒரு தாளையும் மடித்து வைத்திருக்கிறோம். பெரியவாப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 1960 பதிவு. எழுபதுகளில் மூத்தாப்பாவின் கைக்கு. பெரிய மாமியின் கலியாணத்துக்குப் பச்சை. 1990 ஒக்டோபரில் திறப்பு சம்மாட்டி ஐயாவிடம். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய். எஞ்சின் போனது. தகடும் சுவரும் பொருந்தும் சொட்டின் படம். வாப்பும்மா கைநாட்டு வைத்தார். பெரியவாப்பாவும் வாப்பாவும் கையொப்பமிட்டார்கள். சம்மாட்டி ஐயா கண்ணாடியை மாட்டி முழுவதையும் வாசித்துவிட்டு, "ஒண்டு விட்டுப்போச்சு, பிள்ளை" என்று பேனையை என்னிடமிருந்து வாங்கித் தன் கையாலேயே கடைசி வரியை எழுதினார்:

"தகட்டைக் கழற்றியது 2008இல், நான். திருப்பிப் பூட்டியதும் நான். ஆணிகள் புதியவை."